'நில்லு... சுட்டுடுவேன்!' என்று எச்சரித்துவிட்டால் போதுமா? தற்காப்பு பற்றி சட்டம் சொல்வது என்ன?

1992 அக்டோபர் 17. அமெரிக்காவின் லூசியானா மாநிலம், பேட்டன் ரூஜ் நகரம். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஜப்பானிலிருந்து வந்திருந்த 16 வயது யோஷிஹிரோ ஹட்டோரி, தான் தங்கியிருந்த வீட்டுப் பையனுடன் ஹாலோவீன் பார்ட்டிக்குக் கிளம்பினார். முகவரியில் சின்ன குழப்பம். அதே தெருவில் வேறொரு வீட்டின் காலிங் பெல்லை அழுத்திவிட்டார்கள்.

கதவைத் திறந்த பெண்மணி பயந்துபோய் மூடிவிட்டார். கணவரிடம் துப்பாக்கியை எடுக்கச் சொன்னார். வீடு மாறிவிட்டது என்று பையன்கள் திரும்பி நடக்கும்போது, கார் நிறுத்துமிடம் பக்கமிருந்த கதவு மறுபடி திறந்தது. 'பார்ட்டிக்கு வந்திருக்கோம்' என்று சொல்லிக்கொண்டே ஹட்டோரி அந்தப் பக்கம் நகர்ந்தார். வீட்டுக்காரர் கையில் .44 மேக்னம் ரிவால்வர். 'ஃப்ரீஸ்!' என்று கத்தினார். ஹட்டோரி நிற்கவில்லை. ஒரே ஒரு தோட்டா, நெஞ்சில்.

'அசையாதே' என்ற பொருளில் அமெரிக்காவில் சர்வசாதாரணமாகப் புழங்கும் அந்தச் சொல், ஆங்கிலம் பழகிக்கொண்டிருந்த அந்தப் பையனுக்குப் புரியவில்லை என்றே அப்போது பலரும் கருதினார்கள். ஜப்பான் முழுக்க அந்த ஒரு வார்த்தை பேசுபொருளானது.

1993 மே மாதம் குற்றவியல் வழக்கில் ஜூரிகள் வீட்டுக்காரரை விடுவித்தார்கள். ஆனால் 1994 செப்டம்பரில், ஹட்டோரியின் பெற்றோர் தொடர்ந்த சிவில் வழக்கில், சுட வேண்டிய அவசியமே இருக்கவில்லை என்று சொல்லி சுமார் 6.5 லட்சம் டாலர் இழப்பீடு தர உத்தரவிடப்பட்டது. ஒரே சம்பவம், ஒரே 'ஃப்ரீஸ்'. இரண்டு நீதிமன்றங்களில் இரண்டு முடிவுகள்.

'வார்னிங் கொடுத்துட்டா நம்ம மேல தப்பு இல்ல' என்று சினிமாவும் ரீல்ஸும் சொல்லிக்கொடுத்திருக்கும் கணக்கு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் தேவையில்லை. எச்சரிக்கை என்பது சுடுவதற்கான லைசென்ஸ் அல்ல. எதிரே இருப்பவருக்கு அது புரிந்ததா, கேட்டு நடக்க அவருக்கு நேரம் இருந்ததா என்பதைப் பொறுத்துத்தான் அதற்கு மதிப்பே.

எச்சரிக்கை எதற்காக?

ஆயுதம் ஏந்தியவர் எச்சரிக்க வேண்டும் என்ற விதி, முதலில் காவல்துறைக்காகத்தான் தெளிவாக எழுதப்பட்டது. 1985-ல் டென்னஸி எதிர் கார்னர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தப்பி ஓடும் சந்தேக நபர் மீது போலீஸ் எப்போது சுடலாம் என்பதற்கு எல்லை வகுத்தது. ஓடுபவரால் உயிராபத்து இருக்கிறது என்று நம்பக் காரணம் இருக்க வேண்டும்; முடிந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் தரப்பட்டிருக்க வேண்டும் என்றது.

1990-ல் ஐ.நா. ஏற்ற, காவலர்களின் துப்பாக்கிப் பயன்பாடு குறித்த அடிப்படைக் கொள்கைகள் இன்னும் விளக்கமாகச் சொல்கின்றன. காவலர் தான் யார் என்பதை அடையாளப்படுத்த வேண்டும். சுடப்போவதாகத் தெளிவாக எச்சரிக்க வேண்டும். அந்த எச்சரிக்கையைக் கேட்டு நடக்கப் போதுமான நேரம் தர வேண்டும். இதற்கு விலக்கும் உண்டு. அப்படி நேரம் கொடுப்பது காவலரையோ மற்றவர்களையோ உயிராபத்தில் தள்ளுமென்றால், எச்சரிக்கை கட்டாயமில்லை.

தெளிவு, நேரம் என்ற இந்த இரண்டு சொற்களைத்தான் கவனிக்க வேண்டும். 'ஃப்ரீஸ்' என்று கத்திய அடுத்த நொடி சுட்டால், அங்கே எச்சரிக்கை என்ற சடங்கு நடந்திருக்கிறது. எச்சரிக்கையின் வேலை நடக்கவில்லை.

சாதாரண குடிமக்களுக்கு? தன் உயிரைக் காத்துக்கொள்பவர் ஆயுதத்தைப் பயன்படுத்தும் முன் வாயால் எச்சரித்தே தீர வேண்டும் என்று அமெரிக்க மாநிலங்களின் தற்காப்புச் சட்டங்கள் பொதுவாகச் சொல்வதில்லை. இந்தியச் சட்டத்திலும் அப்படி ஒரு வரி இல்லை. அப்போ எச்சரிக்கைக்கு மதிப்பே இல்லையா என்றால், இருக்கிறது. சட்டம் கேட்கும் வேறு கேள்விகளுக்கான பதில் அதில் இருக்கிறது.

சட்டம் கேட்கும் 4 கேள்விகள்

நாட்டுக்கு நாடு வார்த்தைகள் மாறும். ஆனால் தற்காப்பு வழக்குகளில் நீதிமன்றங்கள் தேடுவது ஏறக்குறைய இதைத்தான்:

1. ஆபத்து உடனடியானதா? நேற்று மிரட்டினான், நாளைக்கு வரலாம் என்பது போதாது. அந்த நிமிடத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது?

2. வேறு வழி இருந்ததா? கதவைப் பூட்டியிருக்கலாமா? போலீஸைக் கூப்பிட நேரம் இருந்ததா?

3. பதிலடி அளவோடு இருந்ததா? கன்னத்தில் அறைய வந்தவரைக் கத்தியால் குத்தினால், அது தற்காப்பின் எல்லையைத் தாண்டிவிடும்.

4. அந்தப் பயம் நியாயமானதா? 'நான் பயந்தேன்' என்று சொன்னால் போதாது. அதே இடத்தில் நிதானமான ஒருவர் இருந்தாலும் பயந்திருப்பாரா?

இந்த 4 கேள்விகளிலும் எச்சரிக்கைக்கு ஒரு பங்கு உண்டு. 'கிட்ட வராதே, போலீஸுக்குப் போன் பண்ணிட்டேன்' என்று சொன்ன பிறகும் ஒருவர் முன்னேறி வந்தால், அவர் நோக்கம் என்ன என்பது தெளிவாகிறது. வேறு வழி முயன்று பார்க்கப்பட்டது என்பதும் பதிவாகிறது. அவசர எண்ணுக்குப் போன அழைப்பின் ஒலிப்பதிவு, சிசிடிவி, பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழுந்த வார்த்தைகள் எல்லாமே பின்னாளில் சாட்சியாகும்.

ஆனால் சாட்சி என்பது இரண்டு பக்கமும் வெட்டும். எச்சரிக்கையைக் கேட்டு எதிராளி பின்வாங்கிவிட்டார், கையைத் தூக்கிவிட்டார், திரும்பி ஓடுகிறார் என்றால், ஆபத்து அங்கேயே முடிந்துவிட்டது. அதன் பிறகு விழும் அடி தற்காப்பு அல்ல, தாக்குதல்.

வானத்தை நோக்கிச் சுட்டால்?

சினிமாவில் அடிக்கடி பார்ப்பது இது. ஹீரோ வானத்தை நோக்கி ஒரு ரவுண்டு சுடுவார், கூட்டம் சிதறி ஓடும். நிஜத்தில் மேலே போகும் தோட்டா எங்கோ ஓரிடத்தில் கீழே வந்தே தீரும். அதனால்தான் பல அமெரிக்கக் காவல்துறைகள் தங்கள் அதிகாரிகளுக்கே எச்சரிக்கைச் சூட்டைத் தடை செய்திருக்கின்றன.

சட்டச் சிக்கல் அதைவிடப் பெரியது. ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லில் 2010-ல் நடந்த மரிஸா அலெக்சாண்டர் வழக்கு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. தன்னைத் தாக்கிவந்த, பிரிந்திருந்த கணவருடன் ஏற்பட்ட சண்டையில், எச்சரிக்கையாக ஒரு முறை சுட்டதாக அவர் சொன்னார். தோட்டா சுவரில் பாய்ந்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் அந்த இடத்தில் கணவரும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். கொடிய ஆயுதத்தால் தாக்க முயன்ற குற்றம் என்று 2012-ல் 20 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. துப்பாக்கி வெடித்தால் குறைந்தபட்சம் 20 ஆண்டு என்ற மாநிலச் சட்டம், நீதிபதியின் கையைக் கட்டிப்போட்டிருந்தது.

2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஜூரிகளுக்குத் தரப்பட்ட சட்ட விளக்கத்தில் பிழை இருந்ததாகச் சொல்லி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. கடைசியில் அரசுத் தரப்புடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி 2015 ஜனவரியில் அவர் சிறையிலிருந்து வெளியே வந்தார். இந்த வழக்கு கிளப்பிய விவாதத்தால், தற்காப்புக்காக ஆயுதத்தைக் காட்டி மிரட்டுவதற்கும் பாதுகாப்பு தரும் வகையில் ஃப்ளோரிடா 2014-ல் சட்டத்தைத் திருத்தியது. சட்டம் மாறுவதற்குள் அந்தப் பெண் கழித்த சிறை வாழ்க்கை 3 ஆண்டுகள்.

இதற்கு நேரெதிரான ஒரு வழக்கும் உண்டு. 2023 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தின் ஹீப்ரான் என்ற கிராமப்புற ஊரில், வழி தெரியாமல் ஒரு வீட்டு வளாகத்துக்குள் நுழைந்த கார் திரும்பிப் போய்க்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் சுட்டார். காரில் இருந்த 20 வயது இளம்பெண் உயிரிழந்தார். முதல் சூடு எச்சரிக்கைக்காக, இரண்டாவது கை தவறி வெடித்தது என்பது வீட்டுக்காரரின் வாதம். ஜூரிகள் ஏற்கவில்லை. 2024-ல் கொலைக் குற்றத்துக்கு 25 ஆண்டு முதல் ஆயுள்வரை சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இரண்டு வழக்கிலும் 'எச்சரிக்கத்தான் சுட்டேன்' என்ற வாதம் நீதிமன்றத்தில் உடனே எடுபடவில்லை. காரணம் எளிது. துப்பாக்கியின் விசையை அழுத்துவதே உயிர்க்கொல்லி பலத்தைப் பயன்படுத்துவதுதான் என்று பல நீதிமன்றங்கள் பார்க்கின்றன. அந்த அளவுக்கு ஆபத்து இருந்ததா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லியாக வேண்டும். 'அவ்வளவு ஆபத்து இல்ல, அதான் மேல சுட்டேன்' என்று சொன்னால், 'அப்போ ஏன் சுட்டீங்க?' என்ற அடுத்த கேள்வி தயாராக இருக்கும்.

சரி, இந்தியாவில் என்ன நிலை?

2024 ஜூலை 1 முதல் ஐ.பி.சி.க்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. தற்காப்பு உரிமை பற்றிய பிரிவுகள் 34 முதல் 44 வரை. பழைய ஐ.பி.சி.யில் 96 முதல் 106 வரை இருந்தவைதான், பெரும்பாலும் அதே சாரத்துடன் இங்கே வந்திருக்கின்றன.

தன் உடலை மட்டுமல்ல, இன்னொருவர் உடலையும் காக்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. சொத்தையும் காக்கலாம். ஆனால் பிரிவு 37 இரண்டு கடிவாளங்களைப் போடுகிறது. அரசு அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருந்தால், இந்த உரிமை கிடையாது. தற்காப்புக்குத் தேவையான அளவைவிடக் கூடுதல் தீங்கு செய்யக் கூடாது.

உயிரைப் பறிக்கும் அளவுக்கு எப்போது போகலாம் என்பதை பிரிவு 38 பட்டியலிடுகிறது. மரணமோ கொடுங்காயமோ ஏற்படும் என்ற நியாயமான அச்சத்தைத் தரும் தாக்குதல், பாலியல் வன்கொடுமை, ஆள்கடத்தல், ஆசிட் வீச்சு போன்றவை அதில் வருகின்றன. சொத்து விஷயத்தில் பிரிவு 41. கொள்ளை, சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும்வரையிலான நேரத்தில் வீட்டை உடைத்து நுழைவது, குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பது போன்ற கடுமையான நிலைகளில் மட்டுமே அந்த எல்லை. காம்பவுண்டுக்குள் ஒருவர் நிற்கிறார் என்பதோ, பைக்கைத் தள்ளிக்கொண்டு போகிறார் என்பதோ மட்டும் போதாது.

எச்சரிக்கை பற்றிப் பேசும்போது, 1860-ன் ஐ.பி.சி.யில் கொலைப் பிரிவின் கீழ் இருந்த ஒரு எடுத்துக்காட்டு முக்கியமானது. ஒருவர் இன்னொருவரைச் சாட்டையால் அடிக்க வருகிறார். கொடுங்காயம் ஏற்படும் அளவுக்கு அல்ல. அடி வாங்கப்போகிறவர் கைத்துப்பாக்கியை உருவுகிறார். அதைப் பார்த்த பிறகும் சாட்டைக்காரர் நிறுத்தவில்லை. தடுக்க வேறு வழியே இல்லை என்று நல்லெண்ணத்தோடு நம்பி, இவர் சுட்டுக் கொன்றுவிடுகிறார்.

துப்பாக்கியைக் காட்டியதே ஓர் எச்சரிக்கைதானே? எதிராளி அதை மதிக்கவும் இல்லையே? இருந்தாலும் சட்டம் இவரை முழுதாக விடுவிக்கவில்லை. இது கொலை அல்ல, ஆனால் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் என்கிறது. தண்டனை ஆயுள்வரைகூடப் போகலாம். 'நான் எச்சரிச்சேன், அவன் கேக்கல' என்ற வாதத்துக்கு சட்டம் 160 ஆண்டுகளுக்கு முன்பே சொன்ன பதில் இதுதான். எதிராளி கேட்கவில்லை என்பதால், சாட்டையடி உயிராபத்தாக மாறிவிடாது.

உச்ச நீதிமன்றம் சொன்னது

இதற்காக, தாக்கப்படுபவர் கோழையைப் போல ஓடித்தான் ஆக வேண்டும் என்பது பொருளல்ல. 2010-ல் தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தற்காப்பு உரிமைக்கான கோட்பாடுகளை வரிசைப்படுத்தியது. நியாயமான அச்சம் தோன்றியவுடனேயே உரிமை தொடங்கிவிடுகிறது. அந்த அச்சம் நீடிக்கும்வரை உரிமையும் நீடிக்கும். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் ஒருவர் தராசில் நிறுத்துப் பார்ப்பதுபோல ஒவ்வோர் அடியையும் அளந்து அடிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆனால் அச்சம் முடியும் இடத்தில் உரிமையும் முடிகிறது. 1962-ல் ஜெய் தேவ் எதிர் பஞ்சாப் அரசு வழக்கில், நிலத் தகராறில் நடந்த துப்பாக்கிச் சூட்டை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், எதிர்த்தரப்பினர் ஓடத் தொடங்கிய பிறகு அவர்கள்மீது சுட்டதைத் தற்காப்பாக ஏற்கவில்லை.

எச்சரிக்க நேரமே இல்லாத சூழலையும் சட்டம் புரிந்துவைத்திருக்கிறது. 2012-ல் மதுரையில், மகளிடம் தவறாக நடக்க முயன்ற கணவரைத் தடுக்க, ஒரு பெண் கிரிக்கெட் மட்டையால் அடித்ததில் அவர் இறந்தார். 2021 ஜனவரியில் திருவள்ளூர் மாவட்டத்தில், கத்திமுனையில் பாலியல் தாக்குதலுக்கு முயன்றவரிடம் போராடிய 19 வயது இளம்பெண், அந்தக் கத்தியாலேயே தன்னைக் காத்துக்கொண்டார். அந்த நபர் உயிரிழந்தார். இரண்டு சம்பவங்களிலும் ஐ.பி.சி. 100-வது பிரிவைச் சுட்டிக்காட்டி, தற்காப்பு என்ற அடிப்படையில் போலீஸார் அந்தப் பெண்களைச் சிறைக்கு அனுப்பவில்லை. 'முதல்ல எச்சரிச்சியா?' என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. ஆபத்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அந்த இரண்டு பெண்களும் ஆயுதத்தோடு காத்திருந்தவர்கள் அல்ல என்பதும் முக்கியம். இருவரையும் காப்பாற்றியது, அந்த நொடியில் கைக்குக் கிடைத்த பொருள்தான்.

எச்சரிக்கையே குற்றமாகும் இடம்

'கொலை மிரட்டல் விடுத்தார்.' தமிழ்நாட்டின் எஃப்.ஐ.ஆர்.களில் அடிக்கடி பார்க்கும் வரி இது. பிரிவு 351-ன்படி, குற்றமுறு மிரட்டலுக்கு 2 ஆண்டுவரை சிறை. மிரட்டல் கொலை அல்லது கொடுங்காயம் பற்றியது என்றால் 7 ஆண்டுவரை.

தெருச் சண்டையிலோ, பார்க்கிங் தகராறிலோ ஒருவர் அரிவாளைக் காட்டி 'கொன்னுடுவேன்டா' என்று கத்தினால், அது எச்சரிக்கை என்று சட்டம் எடுத்துக்கொள்ளாது. பிறகு அடிதடியாகி ஒருவர் இறந்துபோனால், யாரோ எடுத்த மொபைல் வீடியோவில் இருக்கும் அதே வார்த்தை, கொல்லும் நோக்கம் முன்பே இருந்தது என்பதற்கு அரசுத் தரப்பின் சாட்சியாக மாறும்.

'நில்லு, கிட்ட வராதே, போலீஸ் வந்துட்டிருக்கு' என்பது எதிராளியிடம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. 'கொன்னுடுவேன்' என்பது பேசுபவர் என்ன செய்யப்போகிறார் என்று சொல்கிறது. முதலாவது ஒருவர் திரும்பிப்போக வழி விடுகிறது. இரண்டாவது பல நேரம் சண்டையை வளர்க்கிறது.

லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். 1959-ன் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிதான் வைத்துக்கொள்ளலாம். கொண்டாட்டத்தில் அஜாக்கிரதையாகச் சுட்டால் 2 ஆண்டுவரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். 2016-ன் ஆயுத விதிகள் பொது இடத்தில் துப்பாக்கியை எடுத்துக் காட்டி வீசுவதைத் தடை செய்கின்றன. உரிமம் என்பது வைத்திருக்கத் தரும் அனுமதி. காட்டி மிரட்டத் தரும் அனுமதி அல்ல.

கத்தி, வாள் என்றால் சட்டமே இல்லை என்று நினைப்பதும் தவறு. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட, வீட்டு உபயோகம், விவசாயம் போன்றவற்றுக்கு அல்லாத கூரிய ஆயுதங்களுக்கு, அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் உரிமம் தேவை.

'தற்காப்பு' என்றால் கேஸ் கிடையாதா?

உண்டு. தற்காப்பு என்று சொன்ன உடனே வழக்கு நின்றுவிடாது. புலனாய்வு நடக்கும். பெரும்பாலும் விசாரணையும் நடக்கும். தற்காப்பு என்று நிரூபிக்கும் பொறுப்பு குற்றம்சாட்டப்பட்டவருடையது. ஆறுதலான விஷயம், அரசுத் தரப்பைப் போல சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. 'இப்படி நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்' என்று நீதிமன்றம் நம்பும் அளவுக்குக் காட்டினால் போதும்.

அதனால் சம்பவத்துக்குப் பிந்தைய நிமிடங்களுக்கும் மதிப்பு அதிகம். உடனே 112-க்கு அழைப்பது, காயமடைந்தவருக்கு ஆம்புலன்ஸ் வரவழைப்பது, இடத்தைக் கலைக்காமல் இருப்பது, தப்பி ஓடாமல் இருப்பது எல்லாம் நல்லெண்ணத்தைக் காட்டும். ரத்தத்தைக் கழுவுவதும், சிசிடிவி பதிவை அழிப்பதும், வாட்ஸ்அப்பில் வீரம் பேசுவதும் நேரெதிர் கதையைச் சொல்லும். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 20(3) பிரிவு. விரிவாகப் பேசும் முன் வழக்கறிஞர் வேண்டும் என்று கேட்பது உரிமைதான். அது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது.

கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் யார்?

வேலைக்காக அமெரிக்கா போகும் தமிழ்க் குடும்பங்களில், 'சேஃப்டிக்கு ஒண்ணு வாங்கி வெச்சுக்கலாமா?' என்ற பேச்சு வருவதுண்டு. அங்கே சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஃப்ளோரிடாவில் 2005 முதல், சட்டப்படி இருக்கும் இடத்திலிருந்து பின்வாங்க வேண்டிய கடமை இல்லை. நியூயார்க்கில், வீட்டுக்கு வெளியே பாதுகாப்பாகப் பின்வாங்க முடியும் என்றால் பின்வாங்க வேண்டும். டெக்ஸாஸ் நண்பர் சொன்ன அறிவுரை நியூஜெர்சியில் உதவாது. வாங்குபவர் தன் மாநிலச் சட்டத்தை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது, துப்பாக்கி வாங்குவதைவிட முதலில் செய்ய வேண்டிய வேலை.

இன்னொன்றும் இருக்கிறது. துப்பாக்கி பிடித்திருப்பவராக மட்டும் தன்னைக் கற்பனை செய்துகொள்பவர்கள், ஹட்டோரியின் இடத்தில் நிற்கவும் வாய்ப்பு உண்டு. முகவரி தவறிப்போன, உச்சரிப்பு புரியாத, வெளிநாட்டிலிருந்து வந்த இளைஞர். அந்த ஊரில் 'ஃப்ரீஸ்', 'டோன்ட் மூவ்', 'ஹேண்ட்ஸ் அப்' என்று யாராவது கத்தினால், விளக்கம் சொல்லிக்கொண்டே நெருங்கக் கூடாது. அசையாமல் நின்று, வெறுங்கையைக் காட்ட வேண்டும். அமெரிக்கா கிளம்பும் மாணவர்களுக்கு விசா, பேங்க் கார்டு பற்றிச் சொல்லித்தரும் கூட்டங்களில் இதையும் சொல்லித்தருவது நல்லது.

உள்ளூரிலும் அந்த இடம் காலியாக இல்லை. இரவு 12 மணிக்கு ஃபிளாட் நம்பர் மாற்றிக் கதவைத் தட்டும் டெலிவரி ஊழியருக்கு, 'யார்றா அது, நில்லுடா' என்ற குரல் புரியாமல் போகலாம். அவர் ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்து சில வாரங்களே ஆகியிருக்கலாம். ஹெட்போன் மாட்டியிருக்கலாம். காது கேளாதவராக இருக்கலாம். பதில் வரவில்லை என்பது, தாக்க வருகிறார் என்பதற்கு ஆதாரம் ஆகாது.

என்ன செய்யலாம்?

பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்துகொண்டு கொடுக்கும் எச்சரிக்கைதான் எல்லாவற்றிலும் பாதுகாப்பானது. விளக்கைப் போடுவது, 'யாருங்க?' என்று சத்தமாகக் கேட்பது, 112-ஐ அழைத்து லைனில் வைத்துக்கொண்டே 'போலீஸுக்குச் சொல்லிட்டேன், போயிடுங்க' என்பது. தமிழ்நாட்டில் 'காவல் உதவி' செயலியும் இருக்கிறது. வந்தவர் அப்பாவி என்றால் விஷயம் அங்கேயே முடியும். இல்லையென்றால், உதவியும் வரும், பதிவும் இருக்கும். கதவை உடைத்துக்கொண்டு உயிரைப் பறிக்க வந்தால், சட்டம் தற்காப்பவர் பக்கம் நிற்கிறது.

அரசுக்கும் ஒரு வேலை இருக்கிறது. துப்பாக்கி உரிமம் கேட்பவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சியை 2016 விதிகள் வலியுறுத்துகின்றன. துப்பாக்கியைக் கையாள்வது எப்படி என்பதற்குத் தரும் அதே முக்கியத்துவம், எப்போது சுடக் கூடாது என்பதற்கும் அந்தப் பயிற்சியில் தரப்பட வேண்டும். பிரிவு 34 முதல் 44 வரை எளிய தமிழில், காவல் நிலையங்களிலும் கல்லூரிகளிலும் கிடைக்க வேண்டும். பெண்களுக்கான தற்காப்புப் பயிற்சி முகாம்களில் கராத்தேவுடன் சேர்த்து இந்த 11 பிரிவுகளையும் ஒரு மணி நேரம் பேசினால், தன்னைக் காத்துக்கொண்ட பிறகு 'என்னை ஜெயில்ல போட்டுடுவாங்களோ' என்ற பயம் குறையும்.

ஹட்டோரியின் பெற்றோர், துப்பாக்கி எளிதில் கிடைப்பதற்கு எதிராக ஜப்பானில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டி, 1993 நவம்பரில் அதிபர் பில் கிளின்டனை நேரில் சந்தித்தார்கள். குற்றவியல் நீதிமன்றம் விடுவித்த மனிதர் மீது பழிவாங்க வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. தவறான வீட்டுக் கதவைத் தட்டிய இன்னொரு பிள்ளை உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்பதுதான் அவர்கள் கோரிக்கை.